பிளாஷா, ஆயுளா? பழைய பிலிம் கேமராவில் ஷட்டரைப் பார்த்து வாங்குவது எப்படி

பழைய பிலிம் கேமரா வாங்கும்போது எல்லோரும் லென்ஸைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரை முதலில் பாருங்கள். அதற்கும் முன்னால், வெயிலில் பிளாஷ் போட்டு எடுப்பீர்களா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் திரை ஷட்டரில் வேகத்தைக் கூட்டினால் பிலிம் முழுவதும் ஒரே நேரத்தில் திறக்காது, ஒரு கீற்று மட்டும் நகர்ந்து போகும். பிளாஷோ அதற்குள் மின்னி முடிந்துவிடும், அதனால் படத்தில் ஒரு பட்டைதான் வெளிச்சமாக விழும். பிலிம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் உச்ச வேகம்தான் சிங்க் வேகம். துணித்திரை உள்ள பென்டாக்ஸ் கே1000-இல் அது 1/60 நொடி. உலோகத் தகடுகள் மேலும் கீழுமாக ஓடினால் 36 மி.மீ.க்குப் பதில் 24 மி.மீ. கடந்தால் போதும், அதனால் நிக்கான் எஃப்எம்-இல் 1/125, எஃப்எம்2-வின் பிந்தைய வடிவத்தில் 1/250. ஹாசல்பிளாட் 500சி மாதிரி லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டர் என்றால் 1/500 வரை எந்த வேகத்திலும் பிளாஷ் வேலை செய்யும்.

இந்த வித்தியாசம் சின்னதில்லை. 100 ஐஎஸ்ஓ உணர்திறன் உள்ள பிலிமில், நல்ல வெயிலில், 1/500-க்கு லென்ஸின் துவாரம் எஃப்/8 போதும். 1/60 என்றால் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்க வேண்டும், அதாவது பிளாஷ் எட்டு மடங்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். சிறிய பிளாஷ் தாங்காது.

சரி, ஆயுள்? இதழ் ஷட்டரில் பழைய எண்ணெய் இறுகி, மெதுவான வேகங்கள் இழுக்கும்: 1 நொடியில் வைத்துக் காதால் கேளுங்கள். உலோகத் தகடு உழைக்கும், ஆனால் மெல்லியது, ஒரு விரல் பட்டாலே வளையலாம். தகட்டில் பிசுக்கு தெரிந்தால் வாங்காதீர்கள். துணித்திரையில் ஊசித்துளை விழும், லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் லென்ஸ் வழியாக வெயில் குவிந்தே துணி பொசுங்கிவிடும். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, உள்ளே கண்ணாடி மறைத்தால் அதை மெல்லத் தூக்கிப் பிடித்து, இருட்டறையில் முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள், பிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுப்பதற்கு முன்பும் பின்பும். வெயிலில் பிளாஷ் வேண்டாம் என்றால் நான் துணித்திரையைத்தான் எடுப்பேன், பழுது வந்தாலும் சரிசெய்ய வழி இருக்கிறது.

கடைசியாகப் பிளாஷ் சோதனை. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, சிங்க் வேகத்தில் வெள்ளைச் சுவரை நோக்கி அடியுங்கள். பின்னாலிருந்து முழுச் செவ்வகமும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு தெரிந்தால் திரையின் ஓட்டம் பிசகியிருக்கிறது. இதழ் ஷட்டரில் எதுவுமே தெரியவில்லையா? எக்ஸ், எம் என்ற சுவிட்சைப் பாருங்கள், எம் பழைய பிளாஷ் பல்புகளுக்கானது, அதில் இருந்தால் இதழ் திறப்பதற்குள் பிளாஷ் அடித்து முடிந்திருக்கும்.