ஐப்பசியில் டெல்டா சுற்ற வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புரட்டாசி பாதி தாண்டியதும் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, வெயில் கொறஞ்சிருச்சா? திருச்சியில எறங்கி தஞ்சாவூர், கும்பகோணம் ஒரு ரவுண்டு வரலாம்னு இருக்கோம்." தாராளமாக வரலாம். டெல்டாவைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. வெயில் இறங்கியிருக்கும், ஆறு, வாய்க்கால் எல்லாம் தண்ணீர் ஓடும், சம்பா நட்ட வயல் பச்சை பிடித்திருக்கும். இலை சிவந்து உதிர்வதெல்லாம் குளிர்நாட்டுக் காட்சி. நம் கூதிர்காலத்துக்கு நிறம் பச்சைதான்.

ஊர் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் அடித்த அதே கூத்துகளை இப்போது வருகிறவர்கள் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். குடை எடுத்து வாருங்கள், பவர் பேங்க் மறக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஒரே நாளில் ஒன்பது கோயில்

நவக்கிரகக் கோயில்களைத்தான் சொல்கிறேன். திங்களூர் திருவையாற்றுப் பக்கம், மேற்கே. திருநள்ளாறு கிழக்கே காரைக்காலில். கேதுவுக்கான கீழப்பெரும்பள்ளம் அதற்கும் வடக்கே, பூம்புகாரை ஒட்டி. நேர்த்திக்கடனுக்காக ஒன்பதையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்றால், கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே நவக்கிரகப் பேருந்து விடுகிறது. அதில் ஏறிவிடுங்கள். அந்த ஓட்டுநர்களுக்கு எந்தக் கோயில் எப்போது நடை சாத்தும் என்பது அத்துப்படி. ஊரைப் பார்க்க வருகிறவர் சொந்த வண்டியில் இந்த ஓட்டம் ஓடினால் பார்ப்பது ஒன்பது வாகன நிறுத்தம்தான்.

மேப் காட்டும் கரைச் சாலை

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் வாயில் நல்ல வார்த்தை வராது.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, முடிகொண்டான், கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்துகொண்டே போகும். எல்லாம் பொதுவாகக் கிழக்கு நோக்கி ஓடுபவை. ஆகவே கிழக்கு மேற்காகப் போகிறவருக்கு வழி சுகம். வடக்கு தெற்காகப் போகிறவர் ஆறு ஆறாகத் தாண்ட வேண்டும். தாண்டப் பாலம் வேண்டும், பாலம் நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது. எட்டு கிலோமீட்டரில் தெரியும் ஊருக்குப் பாலத்தைத் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

மேப் இந்தச் சுற்றைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துத் தரும். அது பெரும்பாலும் ஆற்றங்கரை, அல்லது வாய்க்கால் கரை. கரை என்பது தண்ணீரைத் தடுக்கப் போட்ட மண்மேடு. அதன் தலையில் ஒரு வண்டி அகலத்துக்குத் தார் ஊற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் வயல். தாருக்கு வெளியே இரண்டு பக்கமும் களிமண். வெயில் காலத்தில் அது கல் மாதிரி இருக்கும். இரண்டு நாள் மழை பெய்தால் மேலே புல், உள்ளே கூழ். எதிரே மினி பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை, திருப்ப இடமில்லை, ரிவர்ஸ் எடுத்தால் அடுத்த மதகு வரை போக வேண்டும். அந்த மதகும் சில இடங்களில் சைக்கிளும் பைக்கும் போகிற அகலம்தான். மேப்புக்கு அதுவும் பாலம்.

சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். பெரிய வண்டி, சொந்த ஓட்டம். ஆலங்குடியில் எனக்காகக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன். வலங்கைமான் வழியாக மெயின் ரோட்டிலேயே வாருங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். மேப் கால் மணி நேரம் மிச்சம் என்றதாம், கரையில் ஏறிவிட்டார்கள். பாதி வழியில், அறுத்த குறுவை நெல்லைச் சாலையின் பாதியில் காயப் போட்டிருக்கிறார்கள். எதிரே டிராக்டர். ஒதுங்குகிறேன் பேர்வழி என்று முன்சக்கரத்தை நெல் மேல் ஏற்றி, அப்புறம் பயந்துபோய் மறுபக்கம் ஒடித்து, பின்சக்கரம் களிமண்ணில் இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஆற்றுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பிள்ளைகள் அழுகின்றன. அந்த டிராக்டர்காரர்தான் சங்கிலி கட்டி இழுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. வண்டிக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இவங்க ஏங்க ரோட்ல நெல்லக் காயப் போடுறாங்க?"

பக்கத்தில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எங்க வூட்ல மொட்டமாடி இல்ல தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மழையாக வருகிறது. வயல் சேறாக இருந்தால் டயர் வைத்த அறுப்பு மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் வர வேண்டும், அதற்கு வாடகை கூடுதல். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பார்கள். மழை மிஞ்சிய ஆண்டுகளில் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி மத்திய அரசுக்குக் கடிதம் போகும். பதில் வருவதற்குள் நெல் முளைத்துவிடும். பல ஊர்களில் போதுமான களம் இல்லை. சூடு பிடிக்கிற, தண்ணீர் தேங்காத, சமதளமான ஒரே இடம் தார்ச்சாலை. காலையில் பரப்பி, மேகம் கறுத்தால் அள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்தால் மறுபடி பரப்புவது. நீங்கள் ஏற்றிவிட்டுப் போகிற நெல், நாலு மாத உழைப்பில் கடைசிக் கட்டத்தில் இருக்கிற நெல். டயர் ஏறினால் நொறுங்கும், டயரில் ஒட்டிய சேறும் கலக்கும்.

ஆகவே ஐப்பசியில் மாநில நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள். சுற்று என்றாலும் சுற்றியே போங்கள். ஒரு நாளுக்கு ஓர் ஆற்றின் போக்கை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது: திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், திருபுவனம், மயிலாடுதுறை என்று காவிரியோடு கிழக்கே போகலாம். மறுநாள் தெற்கே மன்னார்குடிப் பக்கம். கட்டாயம் உள்ளே போக வேண்டுமானால் திருப்பத்தில் இருக்கும் டீக்கடையில் "கார் போகுமா?" என்று கேளுங்கள். "போகும்" என்று இழுத்தால் போகாது என்று அர்த்தம். இருட்டிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள், ஹெட்லைட்டில் அது கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

ஆற்றில் நீந்துவது

கூடாது. படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கிற படியில் நின்று மூன்று முழுக்கு. அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

மதியத்தைக் கோயில் வாசலில் கழிப்பது

பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு மணிக்கு மேல் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டே பதினொன்றே முக்காலுக்குத் தாராசுரத்தில் வந்து இறங்குகிறவர்கள் உண்டு. கல்லில் செதுக்கிய தேர்ச்சக்கரத்தோடு ஒரு செல்ஃபி, முடிந்தது. தாராசுரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள், அதுவும் காலை வெளிச்சத்தில்.

பன்னிரண்டு முதல் நாலு வரை வேறு வேலை இருக்கிறது. முதலில் இலை போட்டுச் சாப்பிடுங்கள். பிறகு சுவாமிமலைக்குப் போய் ஒரு சிற்பக்கூடத்தில் அனுமதி கேட்டு உள்ளே உட்காருங்கள். மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மழை நாளில் மண் அச்சு காய நேரம் பிடிக்கும் என்பதால் ஊற்றுகிற அன்றே போய் நிற்கும் யோகம் எல்லோருக்கும் வாய்க்காது. மெழுகில் விரல் பிடிக்கிறதைப் பார்ப்பதே போதும். காயவைத்திருக்கும் அச்சைத் தொட்டுப் பார்க்காதீர்கள். குத்துவிளக்கு பிடிக்கும் என்றால் நாச்சியார்கோயில்.

வெள்ளை ஷூ, புது ஜீன்ஸ்

ஒரு மழையில் ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்க அது காயாது. லெதர் செருப்பு மறுநாள் நாறும். ஷூ போட்டால் கோயிலுக்குக் கோயில் கழற்றி, ஈரக்காலோடு மறுபடி மாட்ட வேண்டும். மெல்லிய பருத்திச் சட்டை, சீக்கிரம் காயும் பேன்ட், பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு. பையில் ஒரு ஈரிழைத் துண்டு: தலை துவட்டவும் ஆகும், ஈரக் காலைத் துடைக்கவும் ஆகும். மழை நனைந்த பிரகாரத்துக் கல்லில் விளக்கு எண்ணெயும் சேர்ந்தால் வழுக்கும். பெரியவர்களின் கையை விடாதீர்கள்.

போட்டோவுக்கு என்ன போடுவது என்று கேட்பவர்களுக்கு: சுற்றிலும் பச்சை, மேலே சாம்பல் மேகம். குங்குமச் சிவப்பு, மஞ்சள், அரக்கு எல்லாம் எடுப்பாக நிற்கும். பச்சைப் புடவை கட்டி வயல் வரப்பில் நின்றால் முகம் மட்டும்தான் தெரியும்.

பட்டுக்கடைக்கு டிரைவரிடம் வழி கேட்பது

தொழில் ரகசியம்தான், பரவாயில்லை. வாடகை வண்டி நிறுத்தும் கடையில் பல சமயம் வண்டிக்கு ஒரு கமிஷன் உண்டு. அது உங்கள் பில்லில்தான் ஏறும். திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, நீங்களே போகலாம். திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் புடவையை மடிக்கிற விசிறி மடிப்பையும் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தீபாவளியை ஒட்டி கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி ஓடும், அதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

திருச்சியில் துணி எடுப்பதாக இருந்தால் தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறு மாலையில் என்.எஸ்.பி. ரோட்டுக்குள் நுழையாதீர்கள். மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்க்கக்கூட இடம் இருக்காது. வாரநாளில், கடை திறக்கிற நேரத்துக்குப் போங்கள்.

ஹைவே காபி

பித்தளை டபராவில் கொடுப்பதால் அது கும்பகோணம் காபி ஆகிவிடாது. கும்பகோணத்துக்குள் வந்து குடியுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னொன்று. கடப்பா என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் அதைக் கேட்கிறார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கொதிக்கவிட்டு இட்லிக்கு ஊற்றுகிற அந்தப் பதார்த்தம் எல்லாக் கடையிலும் எல்லா வேளையும் இருக்காது. உட்காருவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அசோகா அல்வாவைத் திருவையாற்றிலேயே சுடச்சுட, வாழையிலைத் துண்டில் சாப்பிட வேண்டும். டப்பாவில் அடைத்துச் சென்னைக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்து, நெய் உறைந்தபின் "என்னங்க, அப்படி ஒண்ணும் இல்லையே" என்று எனக்கு ஃபோன் செய்யக் கூடாது. நாகூர் வரை போனால் வாடா என்ற பலகாரத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

பறவைக்கு அவசரப்படுவது

ஐப்பசி முதல் வாரத்தில் கோடியக்கரை போய்ப் பூநாரையைக் காணோம் என்று கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. வலசை தொடங்கியிருக்கும், கூட்டம் சேர இன்னும் நாள் வேண்டும். வடுவூர் ஏரியும் அப்படித்தான். ஏரி நிரம்ப வேண்டும், பிறகு கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். கோடியக்கரையில் வெளிமான் எப்போதும் இருக்கிறது, அதைப் பாருங்கள். ஆனால் புயல் அறிவிப்பு இருக்கும்போது அந்த முனைப்பக்கமே போக வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியது அந்த வேதாரண்யம் பக்கம்தான். தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

பஞ்சாங்கம் பார்க்காமல் வருவது

ஐப்பசிச் சதயத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனுக்குச் சதய விழா. பௌர்ணமியில் அன்னாபிஷேகம், கங்கைகொண்ட சோழபுரத்தில் 13 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் லிங்கத்தைச் சோற்றால் மூடுவார்கள். மாதக் கடைசி நாள் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு என்ற காவிரி நீராடல். தவறவிட்டவர்களுக்குக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு இருக்கிறது, அன்று நெரிசல் குறைவு. இவற்றைப் பார்க்க வருகிறவர் முதல் நாளே அறை எடுத்துத் தங்குங்கள். கோயிலை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர் அந்தத் தேதிகளைத் தள்ளிவையுங்கள். இரண்டும் ஒரே பயணத்தில் ஆகாது.

தீபாவளிக்கு மறுநாள் ஊர் திரும்புவது

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்து, நிமிடங்களில் தீர்ந்திருக்கும். சாலையும் ஊர்ந்துதான் போகும். ஒரு நாள் லீவு சேர்த்துப் போட்டுவிடுங்கள், வீட்டில் பலகாரமும் மிச்சம் இருக்கும்.