அமெரிக்கத் தபால் கேரியருக்கு வேலையில் அடிபட்டால்: சிஏ-1 முதல் அப்பீல் வரை

யுஎஸ்பிஎஸ் என்ற அமெரிக்கத் தபால் துறையின் கேரியர்களுக்கு, அதாவது தபால்காரர்களுக்கு, மாநில அரசின் வொர்க்கர்ஸ் காம்ப் (வேலைக் காய இழப்பீடு) பொருந்தாது. 1916இல் வந்த ஃபீக்கா என்ற மத்தியச் சட்டத்தின்படிதான் இழப்பீடு. முடிவெடுப்பது மத்தியத் தொழிலாளர் துறையின் ஓடபிள்யூசிபி என்ற இழப்பீட்டு அலுவலகம். போஸ்ட்மாஸ்டருக்கோ சூப்பர்வைசருக்கோ அந்த அதிகாரம் கிடையாது. "இதெல்லாம் அப்ரூவ் ஆகாது, எழுதாதே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடிபட்டவரை வேண்டுமென்றே கிளெய்ம் போடவிடாமல் தடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். சிசிஏ, ஆர்சிஏ என்று நிரந்தரமாகாத கேரியர்களுக்கும் முதல் நாளிலிருந்தே இந்தப் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்த லாரி ஓட்டுபவர்களும் தனியார் பார்சல் கம்பெனி டிரைவர்களும் இதில் வரமாட்டார்கள்.

கிளெய்ம் தள்ளுபடியாவது பெரும்பாலும் காயம் பொய் என்பதால் அல்ல. முதல் சில நாட்களில் எழுதிய காகிதம் சரியில்லை, அல்லது டாக்டர் எழுதிய வாக்கியம் போதவில்லை. அந்த இரண்டையும் கவனித்தாலே பாதிக் கஷ்டம் குறையும்.

முதல் நாள்

நாய் கடித்தால், வண்டி மோதினால், பனியில் வழுக்கினால், வெயிலில் மயங்கினால் உடனே சூப்பர்வைசருக்கு போன் செய்யுங்கள். ரூட்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இழுக்க வேண்டாம். "அவ்வளவு வலி இருந்தால் எப்படி இன்னும் நாலு மணி நேரம் நடந்தார்?" என்ற கேள்வி பிறகு வரும். முடிந்தால் இடத்தைப் படம் எடுங்கள்: உடைந்த படிக்கட்டு, பனி உறைந்த நடைபாதை, திறந்து கிடந்த கேட். பார்த்தவர் இருந்தால் பெயரும் போன் நம்பரும் வாங்குங்கள். நாய்க்கடியானால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு, நாயின் உரிமையாளர் யார், வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2024இல் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட தபால் ஊழியர்களை நாய்கள் தாக்கியதாக யுஎஸ்பிஎஸ்ஸே அறிவித்தது. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

சிஏ-1 எதற்கு, சிஏ-2 எதற்கு

கிளெய்ம் போட இரண்டு படிவங்கள் உண்டு. ஒரே ஷிப்டுக்குள் நடந்த காயத்துக்கு சிஏ-1. ஒன்றுக்கு மேற்பட்ட ஷிப்டுகளில் சேர்ந்து வந்த பாதிப்புக்கு சிஏ-2: கேஸிங் (தபால்களை அடுக்கில் வரிசைப்படுத்துவது) செய்து செய்து தேய்ந்த தோள், மணிக்கட்டில் மரத்துப்போவது, வருடக்கணக்கில் நடந்து வந்த குதிகால் வலி போன்றவை. "திங்கள் முதல் முதுகு வலிக்கிறது" என்று சிஏ-1இல் எழுதினால் கிளெய்ம் அங்கேயே சிக்கும். திங்கள் காலை ஒரு பார்சலைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்றால் மட்டுமே அது சிஏ-1.

இரண்டையும் ஈகாம்ப் என்ற தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். யார் அனுமதியும் தேவையில்லை. சூப்பர்வைசர் தன் பகுதியை நிரப்பி, தன் கைக்கு வந்த 10 வேலை நாட்களுக்குள் அனுப்பியாக வேண்டும். காகிதத்தில் கொடுத்தால், படிவத்தோடு இருக்கும் ரசீதில் கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.

சட்டப்படி கெடு மூன்று வருடம். ஆனால் சிஓபி என்ற சம்பளத் தொடர்ச்சி வேண்டுமென்றால் சிஏ-1ஐ 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அதே நாளில் கொடுப்பதே நல்லது.

எப்படி நடந்தது என்று கேட்கும் கட்டம்தான் முக்கியம். "டெலிவரி செய்யும்போது முழங்காலில் அடி" என்பது போதாது. இப்படி எழுதுங்கள்: "காலை 11.20 மணி. தோளில் பையுடன் வீட்டு வாசலின் மூன்றாவது படியில் இறங்கினேன். படியில் ஐஸ் இருந்தது. வலது கால் வழுக்கி, இடது முழங்கால் சிமென்ட் தரையில் மோதியது. உடனே வீங்கியது." நேரம், இடம், செய்த வேலை, உடலின் எந்தப் பக்கம், எந்த உறுப்பு எல்லாம் இருக்க வேண்டும். விழும்போது மணிக்கட்டும் இழுத்துக்கொண்டது என்றால் அதையும் அன்றே எழுதுங்கள். எழுதாத உறுப்பைப் பின்னால் சேர்ப்பது பெரும்பாடு.

சிஏ-2வுக்கு இதே கவனம் எண்களில் வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கேஸிங், அதில் தோளுக்கு மேல் கையை நீட்டும் வேலை எவ்வளவு, எத்தனை தபால் பெட்டிகளுக்கு வண்டியிலிருந்து கையை நீட்டுகிறீர்கள், எத்தனை வருடமாக. பாதிப்பு முதலில் தெரிந்த தேதியையும், அது வேலையால் வந்தது என்று புரிந்த தேதியையும் தனித்தனியாகக் கேட்பார்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டாக்டர்

டாக்டரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. நிர்வாகம் தன் டாக்டரிடம் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் அதைக் காட்டி உங்கள் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. போகுமுன் அந்த டாக்டர் ஓடபிள்யூசிபியில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவில்லாதவருக்குப் பணம் போகாது, பில் உங்கள் வீட்டுக்கு வரும். உங்கள் சொந்த ஹெல்த் இன்சூரன்ஸ் அட்டையை நீட்டாமல், "மத்திய அரசு வேலையில் பட்ட காயம்" என்று சொல்லுங்கள்.

சிஏ-1 காயம் என்றால் நிர்வாகத்திடம் சிஏ-16 படிவம் கேட்டு வாங்குங்கள். இது சிகிச்சைக்கான உத்தரவாதம். கிளெய்ம் பின்னால் தள்ளுபடியானாலும், இதன்படி நடந்த சிகிச்சைக்கு 60 நாட்கள் வரை பணம் கிடைக்கும். நான்கு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மறுக்க இடமுண்டு. சிஏ-2வுக்குப் பொதுவாக இது கிடைக்காது.

இனி டாக்டர் எழுத வேண்டியது. "முதுகு வலி" என்பது அறிகுறிதான். ஓடபிள்யூசிபிக்கு வேண்டியது நோயின் பெயர்: தசைப்பிடிப்பு, டிஸ்க் விலகல், மெனிஸ்கஸ் (முழங்கால் குருத்தெலும்பு) கிழிசல் என்று உறுதியாக. அடுத்து, நடந்த சம்பவம் அந்தப் பாதிப்பை எப்படி உண்டாக்கியது என்று மருத்துவ ரீதியில் விளக்க வேண்டும். "வேலையால் வந்திருக்கலாம்" என்ற ஒரு சொல் கிளெய்மைக் கவிழ்த்துவிடும். "அதற்கு முன் வலி இல்லை, அதற்குப் பின் வலி, ஆகவே வேலைதான் காரணம்" என்பதையும் ஏற்கமாட்டார்கள். "மடங்கிய முழங்காலில் உடல் எடையும் பையின் எடையும் சேர்ந்து திருகியதால் மெனிஸ்கஸ் கிழிந்தது" என்பது போன்ற வாக்கியம் வேண்டும். முன்பே மூட்டுத் தேய்மானம் இருந்தால் மறைக்க வேண்டாம். வேலை அதை மோசமாக்கியது என்றாலும் இழப்பீடு உண்டு. எப்படி மோசமாக்கியது என்பதை டாக்டர் விளக்கியிருக்க வேண்டும், அவ்வளவே. உங்கள் சிஏ-1இன் நகலை அவர் கையில் கொடுங்கள். இரண்டு பேர் எழுதிய சம்பவமும் ஒத்துப்போக வேண்டும்.

சம்பளம்

சிஏ-1இல் சிஓபி கேட்கும் பெட்டியைக் குறித்தால் 45 காலண்டர் நாட்கள் வரை வழக்கமான சம்பளம் தொடரும். வேலை செய்ய முடியாது என்று காட்டும் மருத்துவச் சான்றை 10 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் நிறுத்திவிடலாம். அஞ்சல் ஊழியருக்கு மட்டும் 2006 சட்டத்தால் வந்த ஒரு தொல்லை உண்டு: முதல் மூன்று நாட்களுக்கு சிஓபி கிடையாது, லீவு போட வேண்டும். வேலை செய்ய முடியாத நிலை 14 நாட்களைத் தாண்டினால் அந்த மூன்று நாட்களும் திரும்பக் கிடைக்கும். மற்ற மத்திய அரசு ஊழியருக்கு இல்லாத இந்த வெட்டு அஞ்சல் ஊழியருக்கு மட்டும் இருப்பது நியாயமே இல்லை.

45 நாட்கள் முடியுமுன்பே, சம்பள இழப்புக்கு இழப்பீடு கேட்கும் சிஏ-7 படிவத்தைப் போடத் தயாராகுங்கள். சிஏ-2 கிளெய்முக்கு சிஓபி இல்லாததால் சம்பள இழப்புக்கு சிஏ-7தான் வழி. மனைவி, கணவன், குழந்தை என்று சார்ந்தவர் இருந்தால் சம்பளத்தில் 75 சதவீதம், இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு. இதற்கு மத்திய வருமான வரி கிடையாது, சிஓபிக்கு உண்டு.

லிமிடெட் டியூட்டி

லிமிடெட் டியூட்டி என்பது வேலையில் அடிபட்டவருக்கு டாக்டர் சொன்ன வரம்புக்குள் தரும் வேலை. ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும், அந்த வரம்பைக் குறிக்கும் சிஏ-17 படிவம் ஒன்றை எடுத்துப்போங்கள். இடப்பக்கம் உங்கள் வேலையின் தேவைகளை சூப்பர்வைசர் நிரப்புவார். 35 பவுண்டு வரை போகும் பை, 70 பவுண்டு வரை வரும் பார்சல், நடக்கும் மணி நேரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் டாக்டர் என்னென்ன செய்யலாம் என்று குறிப்பார்.

அந்த வரம்புக்குள் லிமிடெட் டியூட்டி கொடுத்தால் எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள். பொருத்தமான வேலை என்று ஓடபிள்யூசிபி தீர்மானித்த ஒன்றை மறுத்தால் இழப்பீடு அடியோடு நிற்கும். எழுத்தில் கேட்டு வாங்கி, டாக்டரிடம் காட்டி, வரம்பை மீறினால் அவரையே எழுதச் சொல்லுங்கள். லைட் டியூட்டி என்பது வேலைக்கு வெளியே பட்ட காயத்துக்கானது. அந்தப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாமல் யூனியன் ஸ்டூவர்டிடம் போங்கள்.

வேறொருவர் காரணமாக இருந்தால்

நாயின் உரிமையாளர், மோதிய காரின் டிரைவர் போன்றோரிடமிருந்து வரும் பணத்தில் அரசு செலவழித்ததைத் திருப்பித் தர வேண்டும். வழக்குச் செலவும் வக்கீல் கட்டணமும் போக மிஞ்சுவதில் குறைந்தது 20 சதவீதம் உங்களுக்கு நிற்கும். இன்சூரன்ஸ் கம்பெனி உடனே செக் நீட்டினால் ஓடபிள்யூசிபியிடம் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

நிரந்தரக் குறை

சிகிச்சை முடிந்தும் கை காலில் குறை நின்றுவிட்டால், ஷெட்யூல் அவார்ட் என்ற நிரந்தரக் குறைக்கான இழப்பீடு கேட்கலாம். வேலைக்குத் திரும்பியவரும் கேட்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை. முழுக் கைக்கு 312 வாரம், காலுக்கு 288, உள்ளங்கைக்கு 244, பாதத்துக்கு 205 வாரம் என்று சட்டத்திலேயே கணக்கு உண்டு. முழுக் கையில் 10 சதவீதக் குறை என்றால் 31.2 வாரச் சம்பளத்தில் மேலே சொன்ன விகிதம் (75 சதவீதம் அல்லது மூன்றில் இரண்டு பங்கு). முதுகுத்தண்டுக்கு நேரடியாக இல்லை. ஆனால் முதுகுத்தண்டுக் காயத்தால் கை காலில் நரம்பு பாதித்தால் உண்டு.

தள்ளுபடியானால்

முடிவோடு மூன்று வழிகள் எழுதி வரும். விசாரணை கேட்க 30 நாள், மறுபரிசீலனை கேட்க ஒரு வருடம், ஈகேப் என்ற மேல்முறையீட்டு வாரியத்துக்கு 180 நாள். தள்ளுபடிக்குக் காரணம் மருத்துவ விளக்கம் போதாமை என்றால், டாக்டரிடம் புதிய அறிக்கை வாங்கி மறுபரிசீலனைக்குப் போவதே சரி. ஈகேப் புதிய ஆதாரம் எதையும் பார்க்காது. கோப்பில் ஏற்கெனவே எல்லாம் இருந்தும் தவறாக முடிவெடுத்தார்கள் என்று நம்பினால் மட்டும் அங்கே போங்கள்.