பனிக்காலத்தில் கைக்குழந்தையோடு வெளிக்கிடுவது எப்படி?

எங்கள் மகள் ஒக்ரோபரில் ரொறன்ரோவில் பிறந்தாள். குளிர் முடியும்வரை கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நடக்கவில்லை. டிசம்பரில் இரண்டு மாத ஊசி, பெப்ரவரியில் நாலு மாத ஊசி. பனி கொட்டினாலும் போய்த்தான் ஆகவேண்டும். முதல் பிள்ளையோடு முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக, நாங்கள் பழகிக்கொண்ட ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: காற்றையும் பாருங்கள்

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. -10 என்று போட்டிருக்கும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்றடித்தால் அது தோலுக்கு -20 போல இருக்கும். வெப்பநிலையோ, காற்றோடு சேர்ந்த குளிரோ -27 அல்லது அதற்குக் கீழே போனால் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது கனடிய குழந்தை மருத்துவர் சங்கம். கைக்குழந்தை என்றால் நான் அதற்கு வெகு முன்பே நின்றுவிடுவேன்.

படி 2: பிள்ளைக்குக் கடைசியில் உடுத்துங்கள்

பை, பால், மாற்றுடுப்பு எல்லாம் வாசலுக்கு வரட்டும். நீங்கள் சப்பாத்துப் போட்டு முடியுங்கள். கார் சீற்றைக் கழற்றி எடுக்கலாம் என்றால் இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். பனியில் கிடந்த சீற் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். பிள்ளைக்கு முதலில் உடுத்திவிட்டுத் திறப்பைத் தேடினால், அதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். வியர்வையில் நனைந்த உடுப்போடு வெளியே போனால் குளிர் இரண்டு மடங்கு.

படி 3: அடுக்கடுக்காக

உங்களுக்கு எத்தனை அடுக்கோ அதைவிட ஒன்று கூட, அவ்வளவுதான். உடம்போடு ஒட்டிய மெல்லிய பருத்திச் சட்டை, அதற்கு மேல் கையும் காலும் மூடிய உடுப்பு, பிறகு மெல்லிய ஃபிளீஸ். காது மூடிய தொப்பி, கையுறை, சொக்ஸ். கழுத்தில் சால்வை சுற்றாதீர்கள், இறுகிவிடக்கூடும்.

பிள்ளைக்குக் குளிருகிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. கைக்குழந்தைகளின் கையும் காலும் எப்போதுமே கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். இரண்டு விரலைக் கழுத்துக்குப் பின்னால், சட்டைக்குள் விட்டுப் பாருங்கள். இதமான சூடு என்றால் சரி. ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். இதை நான் பிந்தித்தான் கற்றேன். கை குளிர்ந்திருக்கிறதே என்று அம்மாவும் நானும் மேலே மேலே போட்டு, ஒருநாள் கழற்றினால் மகளின் கழுத்து மடிப்பெல்லாம் சிவந்து வேர்க்குரு.

படி 4: கார் சீற்றில் தடித்த ஜாக்கெற் வேண்டாம்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இதை வையுங்கள். பஞ்சு போன்ற ஜாக்கெற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அதன் மேல் பட்டி இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். விபத்து நடந்தால் அந்தக் காற்று ஒரு நொடியில் அமுங்கிவிடும், பட்டி தளர்ந்து பிள்ளையைப் பிடிக்காது.

நம்பமுடியாவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஜாக்கெற்றோடு பிள்ளையை இருத்திப் பட்டியை இறுக்குங்கள். அதன் நீளத்தை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கி, ஜாக்கெற்றைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். எங்கள் மகளுக்கும் பட்டிக்கும் இடையில் என் முழுக்கையும் போனது. அன்றைக்கு எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

ஆகவே மெல்லிய உடுப்போடு இருத்துங்கள். மார்புக் கிளிப் அக்குளின் மட்டத்தில் வரட்டும். தோள் எலும்புக்கு மேலே பட்டியை இரண்டு விரலால் நுள்ளிப் பாருங்கள். நுள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அப்புறம் பட்டிக்கு மேலே போர்வையைப் போர்த்துங்கள், முகம் திறந்திருக்கட்டும். கார் சூடானதும் போர்வையை எடுத்துவிடலாம். முதுகுக்கும் சீற்றுக்கும் இடையில் போடுகிற, குளிர் தாங்கும் துணிப்பைகளைத் தனியாக வாங்க வேண்டாம். அவையும் பட்டியைத் தளர்த்தும்.

படி 5: உள்ளே போனதும் கழற்றுங்கள்

கிளினிக்கோ கடையோ, கதவைத் தாண்டியதும் தொப்பியும் மேல் உடுப்பும் போகட்டும். நித்திரையாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். எழும்பி அழுதால் அழட்டும், சூடு ஏறுவதைவிட அது பரவாயில்லை.

இரவுக்கு

வீட்டுச் சூடு 20, 21 டிகிரி போதும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். தொட்டிலில் தளர்வான போர்வை, தலையணை, தொப்பி எதுவும் வேண்டாம். உடலோடு மாட்டும் தூக்கப்பை நல்லது. ஹீற்றர் ஓட ஓட வீடு காய்ந்து பிள்ளையின் மூக்கு அடைத்துக்கொள்ளும். குளிர்நீராவி வருகிற ஈரப்பதக் கருவி உதவும், தினமும் கழுவி வைத்தால் மட்டும். ஜன்னல் பூட்டிய வீட்டில் சாம்பிராணிப் புகை வேண்டாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தினமும் 400 அலகு விற்றமின் டி துளி கொடுக்க மறக்காதீர்கள்.

அம்மாவுக்குத் தொப்பி விஷயத்தில் மட்டும் மனம் ஆற இரண்டு கிழமை பிடித்தது. இப்போது இரவில் அவரே தொட்டிலுக்குக் குனிந்து, இரண்டு விரலைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குச் சூடு காணும்" என்று சொல்லி லைற்றை அணைக்கிறார்.