விருந்தோம்பல் பற்றி ஆய்வா? நோக்கு நூல்களில் தொடங்குங்கள்

பண்பாடுகளை ஒப்பிட்டு ஆய்வு செய்ய வருகிறவர்கள் பலர் முதல் நாளே தலைப்பை கூகுளில் தட்டி, வந்து குவியும் கட்டுரைகளைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். அங்கே தொடங்க வேண்டாம். அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற நோக்கு நூல்கள் முதலில். 'விருந்தோம்பல்' என்ற தலைப்பை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: சொல்லைப் பாருங்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் 'விருந்து' என்று தேடினால் சாப்பாடு, வந்தவர் என்ற பொருள்களோடு 'புதுமை' என்பதும் இருக்கும். அப்படியானால் அடிக்கடி வந்துபோகும் உறவினரை உபசரிப்பதும் முன்பின் தெரியாதவரை உபசரிப்பதும் ஒன்றா? பாருங்கள், அகராதியிலேயே ஓர் ஆய்வுக் கேள்வி கிடைத்துவிட்டது.

படி 2: துறைக் கலைக்களஞ்சியம்

பண்பாடுகளுக்கு இடையிலான தொடர்பாடல் பற்றி யங் யுன் கிம் பதிப்பித்து வைலி வெளியிட்ட 3 தொகுதிகள் (2018), பண்பாட்டிடைத் திறன் பற்றி ஜேனட் பென்னட் பதிப்பித்து சேஜ் வெளியிட்ட 2 தொகுதிகள் (2015), இந்த இரண்டும் போதும். விலை அதிகம், வாங்க வேண்டாம், பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். கட்டுரையைப் படித்ததும் மூடிவிடாமல் அதன் அடியில் இருக்கும் நூற்பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

படி 3: களக்குறிப்புகள்

ஏல் பல்கலைக்கழகத்தில் 1949இல் தொடங்கிய 'எச்ஆர்ஏஎஃப்' (HRAF, Human Relations Area Files) என்ற ஆய்வு நிறுவனத்தின் இணையத் தொகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உலகின் பல சமூகங்களின் வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதிய இனவரைவியல் நூல்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் பொருள் எண் கொடுத்திருக்கிறார்கள். 574 என்றால் வருகையும் விருந்தோம்பலும், 576 என்றால் நடத்தை மரியாதைகள். இதற்குச் சந்தா வேண்டும், நூலகத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். களப்பணி எந்த ஆண்டு நடந்தது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நூல் வெளியான ஆண்டும் அதுவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

படி 4: மேற்கோள்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். கலைக்களஞ்சியக் கட்டுரைக்குப் பதிப்பாசிரியர் பெயரை முதலில் போடாதீர்கள். அந்தக் கட்டுரையை உழைத்து எழுதியவர் வேறொருவர், அவர் பெயர்தான் முன்னால் வர வேண்டும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) முறையில் வரிசை இது: கட்டுரையாளர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, பதிப்பாசிரியர், நூல் பெயர், தொகுதியும் பக்கமும், பதிப்பகம். மொழிபெயர்ப்பு என்றால் மூலம் வந்த ஆண்டு, மொழிபெயர்ப்பு வந்த ஆண்டு இரண்டும் வேண்டும். கொடை பற்றி மானிடவியலாளர் மார்செல் மோஸ் பிரெஞ்சில் எழுதியதை 1954ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் படித்தால் (மோஸ், 1925/1954) என்று எழுதுங்கள்.

இதையெல்லாம் சேமித்து வைக்க ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் தமிழ்ப் பெயர்களை அது பிரிப்பதை அப்படியே நம்பாதீர்கள். லெக்சிகனின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக இருந்தால், 'பிள்ளை' குடும்பப் பெயராகிவிடும். குடும்பப் பெயருக்கான முதல் பெட்டியில் வையாபுரிப்பிள்ளை, இரண்டாவதில் ச. என்று நீங்களே திருத்திவிடுங்கள்.