திசுக்களை வரைந்து கண்டுபிடிக்கும் விளையாட்டு: வகுப்பில் தொடங்குவது எப்படி?

திசுவியல் ஸ்லைடை மணிக்கணக்கில் பார்த்தும் மாணவர்களுக்கு மனத்தில் நிற்கவில்லையே என்று நெடுநாள் வருந்தியிருக்கிறேன். கை வரையும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கிறது. அதற்காக நான் நடத்தும் விளையாட்டு இது.

தேவையானவை: வெள்ளைத்தாள், ஊதா பென்சில், இளஞ்சிவப்பு பென்சில். ஸ்லைடில் திசுவுக்கு ஏற்றும் இரு சாயங்களில் ஹெமடாக்சிலின் உட்கருவை நீலம் கலந்த ஊதாவாக்கும். ஈயோசின் சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாக்கும். ஆகவே இரண்டு நிறங்களே போதும். பெரிய வண்ணப்பெட்டி கொடுத்தால் நேரமெல்லாம் நிறம் தீட்டுவதிலேயே போய்விடும். டேப்லெட்டில் வரைவதை நான் விரும்புவதில்லை. திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைந்தால் அளவு விகிதம் கெட்டுவிடுகிறது.

படி 1: ஒன்றோடொன்று குழம்பும் திசுக்களைச் சோடியாகச் சீட்டில் எழுதுங்கள். எலும்புத் தசையும் இதயத் தசையும், சிறுநீரகத்தின் அண்மைக் குழலும் சேய்மைக் குழலும், மூச்சுக்குழலும் உணவுக்குழலும் நல்ல சோடிகள்.

படி 2: ஒருவர் சீட்டை எடுத்து, அதற்குரிய ஸ்லைடை முதலில் குறைந்த உருப்பெருக்கத்திலும் பிறகு அதிக உருப்பெருக்கத்திலும் ஒரு நிமிடம் பார்க்கட்டும். பிறகு நுண்ணோக்கியை விட்டு விலகி, நினைவிலிருந்து வரைய வேண்டும். எழுத்தோ அம்புக்குறியோ கூடாது.

படி 3: படத்தைப் பார்த்து, அது எந்தத் திசு என்று குழுவினர் சொல்ல வேண்டும். நான் தவறியது இங்கேதான். முதல் முறை ஒரு மாணவி அறுகோணம் ஒன்றை வரைந்தவுடன் எல்லோரும் "கல்லீரல்!" என்றார்கள். புள்ளி கிடைத்தது; ஆனால் ஒரு செல்லைக்கூட யாரும் பார்க்கவில்லை. பன்றியின் கல்லீரலில் இணைப்புத்திசு நுண்மடல்களை (கல்லீரலின் சிறு அலகுகளை) பிரிப்பதால் அறுகோணம் தெளிவாகத் தெரியும். மனிதக் கல்லீரலில் அந்த எல்லைக்கோடு தெளிவாக இராது. மையச் சிரையையும், ஓரங்களில் சேர்ந்து தென்படும் போர்ட்டல் சிரை, கல்லீரல் தமனி, பித்தநாளம் ஆகியவற்றையும் வைத்து நாமே எல்லையை ஊகிக்க வேண்டும். அவர்கள் வரைந்தது பாடநூல் படத்தை, ஸ்லைடை அல்ல.

அன்றே விதியை மாற்றினேன்: சரியான பெயருக்கு 1 புள்ளி, படத்தில் இருக்கும் சான்றைச் சொன்னால் 2 புள்ளிகள். "உட்கருக்கள் இழையின் ஓரத்தில் இருக்கின்றன, ஆகவே எலும்புத் தசை." "உட்கரு நடுவில், இழை கிளைக்கிறது, ஆகவே இதயத் தசை." "உட்கருக்கள் மேலும் கீழுமாக இருந்தாலும் எல்லாச் செல்களும் அடித்தளச் சவ்வைத் தொடுகின்றன, ஆகவே மூச்சுக்குழலின் பொய்யடுக்கு எபிதீலியம்." இப்படிப் பேசத் தொடங்கிய பிறகு வரைபவர்களும் அடையாளச் சின்னங்களை விட்டுவிட்டு உட்கருவின் இடத்தைக் கவனிக்கத் தொடங்கினார்கள். இந்த விதி இல்லாமல் விளையாட்டைத் தொடங்காதீர்கள்.

படி 4: ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அதே அளவு விகிதத்தில் ஒரு சிவப்பணுவை வரையச் சொல்லுங்கள். அதன் விட்டம் ஏறக்குறைய 7 மைக்ரோமீட்டர். அதுவே அவர்களுடைய அளவுகோல்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஆசிரியர் ஒருவர், நிறக்குறைபாடுள்ள மாணவருக்கு ஊதாவும் இளஞ்சிவப்பும் பிரித்தறியக் கடினமாக இருப்பதாகச் சொன்னார். இதை நான் முன்பே எண்ணியிருக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் ஒரே கரிப்பென்சில்தான்: உட்கரு அடர்த்தியான புள்ளி, சைட்டோபிளாசம் மெல்லிய கோடுகள். வடிவத்தையும் அமைப்பையும் நம்பியே கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் இந்த முறைதான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.