வசூல்காரர் வாசலில் நின்றால்: என் அனுபவம், கடலூர்

கடன் தவணை கேட்டு வரும் வசூல்காரர்களோடு போனில் வாதாடுவதை விட்டு எல்லாவற்றையும் எழுத்துக்கு மாற்றியதும்தான் தொல்லை அடங்கியது.

வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும். இரண்டும் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். பிறகு ‘வரவில்லை’ என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. முதுநகர் பக்கம் பெண்கள் வாங்கும் குழுக் கடனுக்கு நேரம் இன்னும் குறைவு: காலை 9 முதல் மாலை 6 வரை. தவணை கட்டக் குறித்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்குத்தான் ஊழியர் போகலாம். இதைச் சொன்னாலே பலர் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்! சொந்தக்காரர்களிடம் சொல்லி மானத்தை வாங்குவதும் தடைதான். ஆனால் ஜாமீன் போட்டவரிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அழைப்புகளின் தேதி, நேரம், எண், பதிவுகளோடு வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண்ணை வாங்கிவையுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், அடுத்த படி ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி. கட்டணம் கிடையாது, உதவி எண் 14448. வங்கியிடம் முதலில் போகாத புகார் அங்கே தள்ளுபடியாகும், பலர் சறுக்குவது இங்கேதான். அடிப்பேன் என்று மிரட்டினால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், நேரே காவல் நிலையம்.

புகார் கொடுத்தாலும் கடன் மட்டும் அப்படியே நிற்கும். தவணையைக் குறைக்கத் தனியாக மனு எழுத வேண்டும்.