நிலாவைச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறை நிலா, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு நட்சத்திரம். சின்ன வயதில் இப்படி எத்தனை படம் வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. உண்மையில் அந்த இடத்தில் நட்சத்திரம் தெரியவே முடியாது. பிறையின் உள்வளைவில் இருப்பது வெற்று வானம் அல்ல, நிலாவின் இருண்ட பகுதி. வெளிச்சம் படாததால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான். பின்னால் இருக்கும் நட்சத்திரம் நிலாவைத் துளைத்துக்கொண்டா தெரியும்?

இந்தப் படத்தைவிட ஆழமாக வேரூன்றிய தவறு ஒன்று உண்டு. "பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது" என்று பெரியவர்களே சொல்லிக்கொடுக்கிறோம். பிறைக்கும் பூமியின் நிழலுக்கும் சம்பந்தமே இல்லை. நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அது பூமியைச் சுற்றிவரும்போது, அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவுதான் நமக்குத் தெரிகிறது.

வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அறையை இருட்டாக்கி ஒரே ஒரு பல்பை எரியவிடுங்கள். பிள்ளையின் கையில் ஒரு வெள்ளைப் பந்தைக் கொடுத்து, தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பல்பைப் பார்த்து நின்றால் பந்தின் இருண்ட பக்கம்தான் தெரியும், அது அமாவாசை. அப்படியே மெல்ல இடப்பக்கமாகத் திரும்பினால் ஓரத்தில் மெல்லிய பிறை வரும். கால் சுற்றில் பாதி நிலா, பல்புக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி. இப்போது பந்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பிள்ளையின் தலை நிழல் அதில் விழும். அதுதான் சந்திர கிரகணம். நிழலின் வேலை அங்கே மட்டும்தான். நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா அந்த நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது.

"நிலா ராத்திரியில்தான் வரும்" என்பதும் தவறு. வளர்பிறையின் பாதி நிலா நண்பகல் வாக்கில் உதித்து, நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு வானத்தைப் பார்த்தாலே போதும்.

அடுத்தது, நிலாவுக்கு எப்போதும் இருட்டாகவே இருக்கும் ஓர் "இருண்ட பக்கம்" உண்டு என்ற தவறு. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. அது சுழலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். தன்னைத்தானே ஒருமுறை சுற்றவும் பூமியை ஒருமுறை சுற்றவும் அதற்கு ஒரே அளவு காலம், சுமார் 27.3 நாட்கள் ஆகிறது. நமக்குத் தெரியாத மறுபக்கத்திலும் பகல் உண்டு, வெயில் உண்டு. அங்கே அமாவாசையன்றுதான் முழுப் பகல்! அந்தப் பக்கத்தை முதன்முதலில் படம் பிடித்தது 1959-ல் சோவியத் விண்கலமான லூனா 3.

நிலாவில் ஈர்ப்பு விசை இல்லை என்பார்கள். உண்டு, பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. இல்லாதது மூச்சுவிடக் காற்றுதான்.

தூர விஷயத்தில் பாடப் படங்களே நம்மை ஏமாற்றுகின்றன. பக்கத்துக்குள் அடக்க வேண்டுமே என்று பூமியையும் நிலாவையும் ஒட்டி ஒட்டி வரைந்துவிடுகிறார்கள். ஒரு கால்பந்து பூமி என்றால், நிலா ஏறத்தாழ டென்னிஸ் பந்து அளவு. இரண்டையும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு முழத்தைத்தான் காட்டுவார்கள். சரியான விடை ஆறரை மீட்டருக்கும் மேல். சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் என்ற எண் மறந்துபோகும். பந்தைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டே வெளியே நடந்தது மறக்காது.

உதிக்கும்போது நிலா பெரிதாகத் தெரிவது கண்ணின், மூளையின் மயக்கம். அடுத்த பௌர்ணமிக்குக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரல் நகத்தால் நிலாவை மறைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் கழித்து அது நன்றாக மேலே ஏறியபின் மறுபடியும் அதே விரலை நீட்டுங்கள்.